பௌத்தப் பள்ளிகளும் கோயில்களும்: தோற்றமும் சொற்பொருள் மாற்றமும்

1. முன்னுரை

பண்டைய பௌத்தக் கட்டடங்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் நூல்களிலும் மொழிபெயர்ப்புகளிலும் விகாரம், விகாரை, பள்ளி, மடம், மடாலயம், சைத்தியம், ஸ்தூபி, குகைக் கோயில், ஆலயம் என்னும் சொற்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகவே ஆளப்படுகின்றன. ஒரே கட்டடத்தை ஒரு நூல் கோயில் என்கிறது. மற்றொரு நூல் மடம் என்கிறது. அசந்தாவின் குடைவரைகள் அனைத்தும் 'குகைக் கோயில்கள்' எனக் கூறப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை துறவியர் தங்குவதற்காகவே குடையப்பட்டவை என்பது அப்பெயரால் மறைந்துவிடுகிறது.

இதனை நடை வேறுபாடு என்று ஒதுக்கிவிட இயலாது. மடம் என்பது துறவியர் வாழும் இடம். கோயில் என்பது வழிபடப்படும் ஒன்று உறையும் இடம். பௌத்த வரலாற்றில் இவ்விரண்டும் தனித்தனியே தோன்றியவை. பல நூற்றாண்டுகள் கடந்த பின்னரே ஒரே கூரையின்கீழ் வந்தவை. ஆகவே, ஒரு கட்டடத்துக்கு எந்தப் பெயரைத் தருகிறோம் என்பது, அவ்வரலாற்றின் எந்தக் கட்டத்தில் அக்கட்டடத்தை நிறுத்துகிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

பௌத்த உறைவிடமும் வழிபாட்டிடமும் தோன்றி வளர்ந்த முறையை அவற்றின் பெயர்களின் வழியாக இக்கட்டுரை விளக்குகிறது. அப்பெயர்களைப் பிறமொழியினர் கையாண்ட முறையையும், தமிழில் அவை அடைந்த வடிவங்களையும் அது ஆராய்கிறது. மொழிபெயர்ப்பாளர் மேற்கொள்ளத்தக்க நெறி இறுதியில் சுட்டப்படுகிறது.

2. உறைவிடத்தின் தோற்றம்: ஆவாசம், ஆராமம், விகாரம்

தொடக்கக்காலப் பௌத்தத் துறவியர் ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்தவர் அல்லர். ஊர் ஊராகச் செல்வதே அவர்களுடைய வாழ்க்கைமுறை. மரத்தடி, குன்று, குகை, இடுகாடு, திறந்தவெளி ஆகியன அவர்களுடைய தங்குமிடங்களாக விநய பிடகத்தில் கூறப்படுகின்றன. மழைக்காலத்தில் மட்டும் அவர்கள் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்னும் விதி ஏற்பட்டது. 'வஸ்ஸ' எனப்பட்ட இக்காலத் தங்கலே பௌத்த மடத்தின் முதல் வித்து ஆகும்.

மழைக்காலத் தங்கலுக்கு இருவகை இடங்கள் அமைந்தன. நாட்டுப்புறத்தில் துறவியர் தாமே எல்லை வகுத்துக்கொண்டு, குடில்கள் அமைத்துத் தங்கிய இடம் 'ஆவாசம்' எனப்பட்டது. நகரத்திலோ அதன் அருகிலோ செல்வர் ஒருவர் தம் தோட்டத்தைச் சங்கத்துக்குக் கொடையாக வழங்கியபோது அது 'ஆராமம்' எனப்பட்டது. ஆவாசம் என்பது உறைதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. ஆராமம் என்பது மகிழ்தலைக் குறிக்கும் 'ரம்' என்னும் அடியிலிருந்து வந்து இன்பச்சோலையைக் குறித்தது. ஆராமம் என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் சோலை என்னும் பொருளில் வழங்குவது இதன் தொடக்கப்பொருளை நன்கு காட்டுகிறது. பிம்பிசாரன் அளித்த வேணுவனமும், அநாதபிண்டிகர் சிராவஸ்தியில் அளித்த சேதவனமும் இவ்வகைச் சோலைகளே. சோலை சங்கத்தின் உடைமையான பின்னர் அது 'சங்காராமம்' ஆயிற்று. நாளடைவில் அச்சோலைக்குள் எழுந்த கட்டடங்களின் தொகுதியே சங்காராமம் எனப்பட்டது.

இராசகிருகத்தில் சீவகாராமம் என அடையாளம் காணப்பட்ட இடத்தில் நடந்த அகழாய்வில் நீண்ட நீள்வட்டக் கூடங்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டன. பிற்கால மடங்களுக்கு உரிய சிற்றறை வரிசை அவற்றில் இல்லை. நாற்புறமும் அறைகள் சூழ்ந்த முற்றம் என்னும் அமைப்பு உருவாவதற்கு முற்பட்ட நிலையை இவை உணர்த்துகின்றன எனலாம்.

விகாரம் என்னும் சொல்லின் தொடக்கப்பொருள் இவ்விடத்தில் கருதத்தக்கது. 'வி' என்னும் முன்னொட்டும் 'ஹ்ரு' என்னும் வினையடியும் சேர்ந்த இச்சொல், பாலி மொழியில் தங்குதல், பொழுது போக்குதல் என்னும் பொருள்களைத் தரும் 'விஹரதி' என்னும் வினையோடு தொடர்புடையது. விநய பிடகத்தின் சுள்ளவக்கப் பகுதி, துறவியர்க்கு ஏற்ற உறைவிடங்கள் ஐந்து எனக் கூறுகிறது: விஹார, அட்டயோக, பாசாத, ஹம்மிய, குஹா. இப்பட்டியலில் விகாரம் ஐந்தனுள் ஒன்றாகவே நிற்கிறது. அதே பகுதியில், இராசகிருகத்து வணிகர் ஒருவர் ஒரே நாளில் அறுபது விகாரங்களைக் கட்டுவித்தார் என்னும் செய்தி வருகிறது. ஒரே நாளில் அறுபது எழக்கூடுமாயின் விகாரம் என்பது அன்று ஒரு துறவிக்கோ சிலருக்கோ உரிய சிறு குடிலே என்பது வெளிப்படை. இவ்விடத்தில் விகாரம் என்பதை 'மடாலயம்' என மொழிபெயர்ப்பின் அச்செய்தி பொருளற்றதாகிவிடும்.

தனிக்குடிலைக் குறித்த சொல், குடில்கள் அறைகளாகி ஒரு முற்றத்தைச் சூழ்ந்தபோது முழுக் கட்டடத்துக்கும் பெயராயிற்று. இத்தகைய பல கட்டடங்கள் ஒரு நிறுவனத்தின்கீழ் வந்தபோது 'மகாவிகாரம்' என்னும் பெயர் எழுந்தது. நாளந்தாவில் கிடைத்த முத்திரைகள் அவ்விடத்துத் துறவியர் கூட்டத்தை மகாவிகாரத்துச் சங்கம் என்றே குறிப்பிடுகின்றன. இன்றைய வங்காளதேசத்தில் உள்ள பகார்ப்பூரில் வெளிப்பட்ட சோமபுர மகாவிகாரம் 177 அறைகளை உடையது. ஒரு துறவியின் குடில் முதல் 177 அறைகள் வரை ஒரே சொல் பயணம் செய்துள்ளது. நாளந்தாவும் விக்கிரமசீலமும் அமைந்த மாநிலமும் விகாரத்தால் பெயர் பெற்றதே. பீகார் என்னும் பெயரில் இருப்பது இச்சொல்லே.

3. கல்வெட்டுகள் கூறும் பெயர்: இலேணம்

பாறையில் குடையப்பட்ட உறைவிடங்களுள் காலம் தெளிவாகத் தெரிந்த மிகப் பழையவை பீகாரின் பராபர் குன்றுகளில் உள்ளவை. இவை பௌத்தர்க்கு உரியவை அல்ல. அசோகனால் ஆசீவகர்க்கு வழங்கப்பட்டவை. எனினும் பிற்காலப் பௌத்தக் குடைவரைகளுக்கு முன்மாதிரி இவையே. அங்குள்ள கல்வெட்டுகள் குகையை 'குபா' என்கின்றன. அருகிலுள்ள நாகார்ச்சுனிக் குன்றில் அசோகனின் பெயரன் தசரதன் வழங்கிய குகைகள் மழைக்காலத் தங்கலுக்கு உரியவை எனக் கல்வெட்டுகளிலேயே கூறப்படுகின்றன. குடைவரையின் தொடக்கநோக்கம் வழிபாடு அன்று, மழைக்கால உறைவு என்பதற்கு இது தக்க சான்று.

மேற்கு இந்தியாவில் நாசிக், சுன்னர், கார்லே, கான்கேரி ஆகிய இடங்களின் பிராகிருதக் கல்வெட்டுகள் இத்தகைய உறைவிடத்தை 'லேண' என்கின்றன. ஒதுங்குதல், தஞ்சம் புகுதல் என்னும் பொருளுடைய 'லயன' என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவம் இது. இலங்கையின் பழைய பிராமிக் குகைக் கல்வெட்டுகளிலும் இச்சொல் பயில்கிறது. மராத்தியில் இன்றும் குடைவரைக்கு இச்சொல்லின் வழிவந்த 'லேணே' என்பதே வழக்கு. மக்கள் வழக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்துவந்த சொல்லை அறிஞர் வழக்கு கைவிட்டு, 'குகைக் கோயில்' என்பதனை ஏற்றுக்கொண்டது.

நாசிக் 10ஆம் குடைவரையில் உள்ள உசவதாதனின் கல்வெட்டு, இலேணத்தின் பயன்பாட்டைக் கணக்கோடு தெரிவிக்கிறது. சத்திரப மன்னன் நகபானனின் மருமகனாகிய இவன், 3000 காகாபணங்களை நெசவாளர் கூட்டங்களிடம் முதலாக வைத்தான். அவற்றுள் 2000 மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டிக்கும், 1000 மாதம் நூற்றுக்கு முக்கால் வட்டிக்கும் இடப்பட்டன. முதல் தொகையின் வட்டியிலிருந்து, அவ்விலேணத்தில் மழைக்காலம் தங்கும் இருபது துறவியர் ஒவ்வொருவர்க்கும் ஆடைக்காகப் பன்னிரண்டு காகாபணம் வழங்கப்படவேண்டும். 2000 காகாபணத்துக்கு ஓராண்டு வட்டி 240. இருபதின்மர்க்குப் பன்னிரண்டு வீதம் ஆவதும் 240. இத்தனை துல்லியமாக அமைந்த ஏற்பாடு ஆள் தங்கும் இடத்துக்கே பொருந்தும். இக்கல்வெட்டைத் தமிழில் தருவோர் இலேணத்தைக் 'கோயில்' என்றால், கோயிலுக்குள் இருபது பேருக்கு ஆடைப்பணம் எதற்கு என்னும் கேள்விக்கு விடை கிடைக்காது.

4. வழிபாட்டிடத்தின் தோற்றம்: சேதியம், தூபம், சேதியகரம்

வழிபாட்டிடத்தின் வரலாறு வேறொரு வழியில் தொடங்குகிறது. 'சைத்திய' என்னும் வடசொல்லும் 'சேதிய' என்னும் பாலிச் சொல்லும் அடுக்குதல், குவித்தல் என்னும் பொருளுடைய 'சி' என்னும் வினையடியைச் சார்ந்தவை. ஈமத்தீயின் அடுக்கைக் குறிக்கும் 'சிதை' என்பதும் இவ்வடியிற் பிறந்ததே. பௌத்தத்துக்கு முன்னரே மக்கள் வழிபட்ட மரங்களும் புனித இடங்களும் சேதியம் எனப்பட்டன. வைசாலியைச் சூழ்ந்திருந்த சாபால, உதேன, கோதமக முதலிய சேதியங்களை மகாபரிநிப்பான சூத்திரம் பெயர் கூறிக் குறிப்பிடுகிறது. ஆகவே சேதியம் என்பது தொடக்கத்தில் ஒரு கட்டடத்தின் பெயரன்று. மதிப்புக்குரிய இடத்தின் பெயர்.

தூபம் (வடமொழியில் ஸ்தூபம்) என்பது புத்தரின் அல்லது பெரியோரின் எச்சங்களை உள்ளடக்கிய மேட்டைக் குறித்தது. எல்லாத் தூபங்களும் மதிப்புக்குரியவையாதலின் அவை சேதியம் எனவும் பட்டன. ஆனால் எல்லாச் சேதியங்களும் தூபங்கள் அல்ல. அமராவதி, நாகார்ச்சுனகொண்டா ஆகிய ஆந்திரத் தலங்களின் கல்வெட்டுகள் அங்குள்ள பெருந்தூபத்தை 'மகாசேதிய' என்றே வழங்குகின்றன.

திறந்தவெளியில் இருந்த தூபத்துக்கு ஒரு கூரை அமைத்தபோது பௌத்தக் கோயில் பிறந்தது எனலாம். இராசத்தானத்தின் பைராட்டில் 1935-36இல் தயாராம் சகானி நடத்திய அகழாய்வில் மௌரியர் காலத்து வட்டவடிவக் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது. செங்கற்சுவரும் 26 எண்கோண மரத்தூண்களும் மாறிமாறி அமைந்து நடுவிலிருந்த தூபத்தைச் சூழ்ந்திருந்தன. இதே வட்ட அமைப்பு ஆந்திரத்தின் குண்டுப்பள்ளியிலும் சுன்னரின் துல்சா இலேணத்திலும் பாறையில் குடையப்பட்டுள்ளது. வட்டத்தின் முன் ஒரு நீள்கூடம் சேர்ந்தபோது, பின்புறம் வளைந்த கூடம் உருவாயிற்று. பாசா, கார்லே, அசந்தா ஆகிய இடங்களில் காணப்படுவது இவ்வமைப்பே.

இக்கூடங்களைக் கட்டடக்கலை நூல்கள் 'சைத்தியம்' என்கின்றன. கொடையாளிகள் அவ்வாறு கூறவில்லை. நாசிக் 18ஆம் குடைவரையைக் குடைந்து முடித்த பட்டபாலிகா என்னும் பெண், தன் கல்வெட்டில் அதனைச் 'சேதியகர' என்கிறாள். சுன்னரில் வீரசேனகன் என்னும் இல்லறத்தானும் அவ்வாறே கூறுகிறான். சேதியகரம் என்றால் சேதியம் இருக்கும் வீடு. சேதியம் என்பது உள்ளே இருக்கும் தூபம். அதனைக் காக்கும் கூடம் அதன் வீடு. ஏறத்தாழ 38 மீட்டர் நீளமுள்ள கார்லேக் கூடத்தை முடித்த வைசயந்தி நகரத்து வணிகன் பூதபாலன், அதனை நாவலந்தீவில் தலைசிறந்த 'சேலகர', அதாவது கல்வீடு, எனக் குறித்தான். அவ்வீட்டின் வாயிலைச் செய்தவன் தேனுகாகடத்தைச் சேர்ந்த சாமி என்னும் தச்சன் என மற்றொரு கல்வெட்டு கூறுகிறது. கல்லில் வேலை செய்தவன் தன்னைத் தச்சன் என்றே கூறிக்கொண்டது, இக்குடைவரைகள் மரக்கட்டடங்களின் கல்வடிவமே என்பதற்கு மொழிவழிச் சான்றாகும். பாசா, கார்லே ஆகியவற்றின் கல்விதானத்தில் இன்றும் காணப்படும் மரவளைவுகள் இதனோடு ஒத்துநிற்கின்றன.

சைத்தியம், விகாரம் என்னும் இருவகைப் பாகுபாட்டைக் கலைநூல்களில் நிலைநாட்டியவருள் முதன்மையானவர் சேம்சு பெர்குசன். பர்கெசுடன் சேர்ந்து 1880இல் அவர் வெளியிட்ட பெருநூல், பெயரிலேயே 'குகைக் கோயில்கள்' என்னும் தொடரைத் தாங்கியிருந்தது. வழிபாட்டுக்கூடம், உறைவிடம் என்ற வேறுபாட்டை நூலுள் தெளிவாகக் காட்டிய அவர், தலைப்பில் இரண்டையும் கோயில் என ஒன்றாக்கினார். தமிழ் வழக்கில் தலைப்பின் செல்வாக்கே மிகுதி.

5. இரண்டும் கூடிய இடம்: கந்தகுடி

தங்குமிடமும் வழிபாட்டிடமும் ஒன்றான மாற்றத்தை அசந்தாவில் கண்கூடாகக் காணலாம். முற்பட்ட காலத்தைச் சேர்ந்த 12ஆம் குடைவரையில் நடுக்கூடமும் கற்படுக்கைகள் கொண்ட அறைகளும் மட்டுமே உள்ளன. வழிபாட்டுக்குரிய உருவம் எதுவும் இல்லை. வழிபாட்டுக்கெனத் தூபத்தைக் கொண்ட 9, 10ஆம் குடைவரைகள் தனியே அமைந்தன. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் குடையப்பட்ட 1, 2, 16, 17 ஆகியவற்றில் நிலை வேறு. அறைகள் மூன்று பக்கமும் இருக்க, வாயிலுக்கு நேர் எதிரே பின்சுவரின் நடுவில் புத்தரின் பேருருவம் அமைந்த கருவறை உள்ளது.

வாகாடக மன்னன் அரிசேனனின் அமைச்சன் வராகதேவன் 16ஆம் குடைவரையில் பொறித்த வடமொழிக் கல்வெட்டு இம்மாற்றத்தை உணர்ந்தே எழுதப்பட்டுள்ளது. அது குடைவரையைத் துறவியர்க்கு உரிய உறைவிடமாகக் கூறி, அதன் உள்ளே ஒரு சைத்திய மந்திரம் அமைந்திருப்பதையும் தனியே சுட்டுகிறது. இங்குச் சைத்தியம் எனப்படுவது தூபம் அன்று. அமர்ந்த நிலையிலுள்ள புத்தர் உருவமே. 17ஆம் குடைவரைக் கல்வெட்டு 'கந்தகுடி' என்னும் சொல்லை ஆள்கிறது. மணம் கமழும் அறை எனப் பொருள்படும் இச்சொல், பௌத்த மரபில் சேதவனத்தில் புத்தர் தங்கிய அறையின் பெயராகும். அதாவது, கருவறை என்பது புத்தர் தங்கும் அறை. ஏனைய அறைகளில் துறவியர் தங்குவது போல நடு அறையில் புத்தரும் தங்குகிறார்.

விகாரத்தில் புத்தர் நிலையாக உறைபவராகவும் உடைமைக்கு உரியவராகவும் கருதப்பட்டார் என்பதைக் கல்வெட்டுச் சான்றுகளால் நிறுவியவர் கிரிகரி சோபென் (1990). குசராத்தின் வலபி மைத்திரகர் செப்பேடுகளில் விகாரங்களுக்கு அளித்த கொடையின் நோக்கங்கள் மூன்றாகக் கூறப்படுகின்றன: துறவியரின் உணவு, உடை, மருந்து, புத்தர்க்கு மலரும் புகையும் விளக்கும், கட்டடத்தின் பழுதுபார்ப்பு. முதலாவது மடத்துக்கு உரியது. இரண்டாவது கோயிலுக்கு உரியது. இக்காலத்து விகாரத்தை 'மடம்' என்றாலும் 'கோயில்' என்றாலும் பாதி உண்மையே கிட்டும்.

6. பிறமொழிகள் மேற்கொண்ட வழிகள்

பௌத்த நூல்களை முறையாக மொழிபெயர்த்த பெருமொழிகள் இச்சிக்கலை இருவேறு வழிகளில் எதிர்கொண்டன. சீனர் சங்காராமம் என்னும் சொல்லை ஒலிபெயர்த்துச் சுருக்கி வழங்கினர். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யுவான் சுவாங், துறவியர் வாழும் மடங்களை எண்ணிக் கூறும்போது இவ்வொலிபெயர்ப்பையே ஆள்கிறார். புத்தர் உருவம் உள்ள கோயிலைக் குறிக்க 'சிங்ஷெ' என்னும் வேறொரு சீனச் சொல்லைப் பயன்படுத்துகிறார். புத்தகயையில் போதிமரத்தின் கிழக்கே நிற்கும் உயர்ந்த கோயில் இரண்டாவது சொல்லாலும், வடவாயிலுக்கு வெளியே சிங்கள மன்னன் கட்டுவித்த மகாபோதி மடம் முதற்சொல்லாலும் குறிக்கப்படுகின்றன. மூலத்தில் மயக்கம் இல்லை.

இந்நூலை 1884இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சாமுவேல் பீல், முதற்சொல்லைச் 'சங்காராமம்' எனவும் இரண்டாவதை 'விகாரம்' எனவும் தந்தார். இதனால் புத்தகயைக் கோபுரக் கோயில் ஆங்கிலத்தில் விகாரம் ஆயிற்று. பீலின் நூலைக் கொண்டு தமிழில் எழுதுவோர், விகாரம் என்றவுடன் மடம் எனக் கொள்வாராயின், எவரும் தங்காத கோபுரத்தைத் துறவியர் இல்லமாக்கிவிடுவர். ஒரு மொழியில் தெளிவாக இருந்த வேறுபாடு மற்றொரு மொழியின் வழியாக வரும்போது தலைகீழாக மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

திபெத்தியர் ஒலிபெயர்ப்பை விடுத்து மொழிபெயர்ப்பை மேற்கொண்டனர். 9ஆம் நூற்றாண்டில் அரசு ஆதரவில் தொகுக்கப்பட்ட 'மகாவியுத்பத்தி' என்னும் வடமொழி-திபெத்தியக் கலைச்சொல் தொகுதி, மொழிபெயர்ப்பாளர் அனைவரும் ஒரே சொல்லை ஆள வழிவகுத்தது. ஆயினும் தூபம், சைத்தியம் ஆகிய இரண்டுக்கும் 'வழிபாட்டின் ஆதாரம்' எனப் பொருள்படும் 'சோர்தென்' என்பதே வழங்கியமையால், அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு திபெத்தியத்தில் மறைந்தது. ஒருமை கிட்டியது, நுட்பம் குறைந்தது.

இயல்பான மொழி வளர்ச்சியில் பொருள் முற்றிலும் இடம் மாறியதும் உண்டு. தாய்லாந்தில் 'விஹான்' என்பது இன்று புத்தர் உருவம் உள்ள கூடத்தையே குறிக்கிறது. சிங்களத்தில் பௌத்தக் கோயிலுக்கு மக்கள் வழங்கும் 'பன்சல' என்னும் பெயர், இலைக்குடில் எனப் பொருள்படும் 'பண்ணசாலா' என்னும் பாலிச் சொல்லின் வழிவந்தது. உறைவிடத்தின் பெயர் கோயிலுக்கு ஆகிவரும் போக்கு பௌத்த உலகெங்கும் ஒன்றுபோல் நிகழ்ந்துள்ளது.

7. தமிழ் வழக்கு: பள்ளி

இப்போக்கு தமிழில் வடசொல்லின் துணையின்றியே நிகழ்ந்துள்ளது. பள்ளி என்பது திராவிடச் சொல். படுக்கை, உறைவிடம், சிற்றூர் ஆகிய பொருள்கள் இதற்கு உண்டு. கன்னடத்தில் 'ஹள்ளி' எனவும் தெலுங்கில் 'பள்ளி', 'பல்லெ' எனவும் இது ஊரைக் குறிக்கிறது. மாங்குளத்துத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு, சமணத் துறவிக்காகக் குடைந்தமைத்த உறைவிடத்தைப் 'பளி' என்கிறது. வடக்கே இலேணம் எந்நிலையில் நின்றதோ அந்நிலையிலேயே தெற்கே பள்ளி நின்றது.

மதுரைக்காஞ்சியில் பல சமயத்தாரின் இடங்களும் பள்ளி எனப்படுகின்றன. சிலப்பதிகாரம் புகாரில் ஏழு இந்திர விகாரங்கள் இருந்ததாகக் கூறுகிறது. விகாரம் என்னும் சொல் பள்ளியின் அருகே தமிழில் இடம்பெற்றுவிட்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சுரத்தில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் விகாரமும் புத்தபாதமும், புகாரின் பௌத்த நிறுவனங்கள் இலக்கியச் செய்தியளவில் நின்றுவிடவில்லை என்பதை உறுதிசெய்தன.

கி.பி. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறீவிசய மன்னர் சூளாமணிவர்மனும் அவர் மகன் மாறவிசயோத்துங்கவர்மனும் நாகப்பட்டினத்தில் விகாரம் ஒன்றை எழுப்பினர். முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தை அளித்தான். இதனைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேட்டின் தமிழ்ப்பகுதி விகாரம், பள்ளி என்னும் இரண்டு சொற்களையும் இணைத்து ஆள்கிறது. கொடை நிலம் 'பள்ளிச்சந்தம்' எனப்படுகிறது. முதற்குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேட்டில் (1090) அங்கிருந்த நிறுவனங்கள் 'பெரும்பள்ளி' எனப்படுகின்றன. வடக்கே மகாவிகாரம் என்பது எதுவோ, தமிழில் பெரும்பள்ளி என்பது அதுவே. சொல்லுக்குச் சொல்லாகவும், பொருளுக்குப் பொருளாகவும் இவை ஒத்திருத்தல் காண்க.

நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்படும் வரை ஐரோப்பியரால் 'சீனப் பகோடா' எனவும், உள்ளூரில் 'புதுவெளிக் கோபுரம்' எனவும் வழங்கப்பட்டது. பள்ளி என்னும் பெயரை அப்போது எவரும் அறியவில்லை. அப்பெயர் செப்பேட்டில் மட்டுமே எஞ்சியது.

சொல் மட்டும் அழியவில்லை. பள்ளிக்கூடத்தில் அது கல்வியிடமாயிற்று. பள்ளிவாசலில் இசுலாமியர் தொழுமிடமாயிற்று. கேரளத்தில் கிறித்தவர், இசுலாமியர் இருவர் வழிபாட்டிடத்துக்கும் பெயராயிற்று. உறைவிடம், வழிபாட்டிடம், கல்வியிடம் என்னும் மூன்று பொருளையும் ஒருங்கே தாங்கவல்ல சொல் வேறெதுவும் தமிழில் இல்லை. நாளந்தாவைப் போன்ற ஒரு மகாவிகாரமும் இம்மூன்றாகவுமே இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

8. ஒலிவடிவ மயக்கங்கள்

வடசொற்களைத் தமிழில் எழுதும்போது எழும் சில மயக்கங்களும் கருதத்தக்கவை. 'விஹார' என்பதன் ஹகரம் தமிழில் ககரமாவதால் அது 'விகாரம்' ஆகிறது. மாற்றம், திரிபு, அழகின்மை ஆகிய பொருள்களைத் தரும் 'விகார' என்னும் வேறு வடசொல்லும் தமிழில் விகாரமே. இலக்கணத்தில் விகாரப் புணர்ச்சி எனப் பயில்வதும் பேச்சில் அருவருப்பைக் குறிப்பதும் இதுவே. மூலத்தில் வேறான இரு சொற்கள் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இலங்கைத் தமிழில் பௌத்தக் கட்டடத்துக்கு 'விகாரை' என்னும் வடிவம் நிலைபெற்றிருப்பது இம்மயக்கத்தை நீக்குகிறது.

பாலியின் 'தூப' என்பதைத் தூபம் என எழுதினால் நறும்புகை எனப் பொருள்படும். 'ஸ்தூபி' என எழுதினால் கோயில் விமானத்தின் உச்சி உறுப்பாகும். அதிட்டானம் முதலாகக் கூறப்படும் விமானத்தின் ஆறு உறுப்புகளுள் இறுதியானது ஸ்தூபி. சாஞ்சியின் பெருமேட்டைச் சாஞ்சி ஸ்தூபி என்பது ஒரு முழுக் கட்டடத்துக்கு அதன் கூர்நுனியின் பெயரை இடுவதாகும். 'ஸ்தூபம்' என்பதே இருவகை மயக்கத்துக்கும் இடம் தராத வடிவம்.

9. முடிவுரை

பௌத்தக் கட்டடங்களின் பெயர்கள் நிலையான வகைப்பெயர்கள் அல்ல. விகாரம் குடிலில் தொடங்கிப் பெருநிறுவனத்தில் முடிந்தது. சேதியம் மரத்தடியில் தொடங்கித் தூபமாகி, உருவமாயிற்று. கி.பி. 5ஆம் நூற்றாண்டளவில் இவ்விரு வரலாறுகளும் கந்தகுடியில் சந்தித்தன. ஆகவே மூலச்சொல் ஒன்றே என்பதற்காக எல்லாக் காலத்துக்கும் தமிழில் ஒரே சொல்லைப் பெய்தல் பொருந்தாது.

மொழிபெயர்ப்பாளர்க்குப் பின்வரும் நெறி பயன்படலாம். விநய பிடகத்தின் பழைய பகுதிகளில் விகாரம் என்பதற்குக் 'குடில்' அல்லது 'உறையுள்' என்பதே ஏற்றது. குடைவரைக் கல்வெட்டுகளின் இலேணத்துக்குக் 'குடைவரைப் பள்ளி' என்பது பொருந்தும். 'குகைக் கோயில்' பொருந்தாது. சேதியகரத்தைச் 'சேதிய இல்லம்' எனலாம். உள்ளிருக்கும் தூபத்தையும் அதனைச் சூழ்ந்த கூடத்தையும் அது பிரித்துக் காட்டும். கருவறையோடு கூடிய பிற்கால விகாரத்துக்குப் 'பள்ளி' என்பதும், மகாவிகாரத்துக்குப் 'பெரும்பள்ளி' என்பதும் கல்வெட்டு வழக்கின் சான்று பெற்றவை. புத்தகயையில் உள்ளது போன்ற, உருவ வழிபாட்டுக்கு மட்டும் உரிய கட்டடத்தையே 'கோயில்' எனல் தகும். ஆங்கிலத்தின் வழியாகப் பெயர்ப்போர், அங்குள்ள விகாரம் என்னும் சொல் மூலத்தின் எந்தச் சொல்லுக்கு ஈடாக நிற்கிறது என்பதை அறிந்த பின்னரே தமிழ்ச்சொல்லைத் தெரிதல் வேண்டும்.

உசவதாதன் இருபது பேர்க்கு ஆடைப்பணம் வைத்த இடமும் பூதபாலன் எழுப்பிய கல்வீடும் தமிழில் ஒரே பெயரைப் பெறுமாயின், அவர்கள் கல்லில் பொறித்துவைத்த வேறுபாடு மொழிபெயர்ப்பில் அழிந்துபோகும். அதனைக் காப்பதற்கு வேண்டிய சொற்கள் தமிழிடம் முன்பே உள்ளன.